ஒருவருக்காகக் காத்திருக்கும் 180 பேர்



இம்மாதம் ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். உள்நாட்டில் பறக்கும் நடுத்தர விமானம் ஒன்றில் ஏறத்தாழ 180 பேர் அமர்கின்றனர். அவ்விமானம் ஒரேயொரு பயணியின் பொருட்டு 20 நிமிடம் தாமதமாகப் புறப்படுகிறது என வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம்தானே என்று உள்ளம் சமாதானம் சொல்லும். ஆனால் 180ஐ 20ஆல் பெருக்கிப் பாருங்கள். 3600 நிமிடங்கள்! அதாவது 60 மணி நேரம். இரவும் பகலுமாக இரண்டரை நாட்களை ஒரு மனிதர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டு, "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல்லும் இன்றித் தம் இருக்கையில் சென்று அமர்ந்து விடுகிறார். அடுத்தவர் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்தால் அதற்கு நாம் இடும் பெயர் வேறு. நேரத்தை எடுத்தால் மட்டும் அதற்குப் பெயரே இல்லாமற் போனது எப்படி?

விமானத் தாமதங்கள் அனைத்துக்கும் பயணிகளே காரணம் என்று நாம் கூறவில்லை. வடநாட்டுப் பனிமூட்டம், இயந்திரப் பழுது, ஓடுபாதை நெருக்கடி எனக் காரணங்கள் பல. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மீனம்பாக்கத்து ஓடுபாதையே நீரில் மூழ்கி நிலையம் மூடப்பட்டது. அவை நம் கையில் இல்லாதவை. நிறுவனங்களின் பொறுப்பின்மையும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம். ஆயினும் நம் நடத்தையால் மட்டுமே நேரும் தாமதம் என்று ஒரு பங்கு இருக்கிறதல்லவா? அந்தப் பங்கைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு

2022 டிசம்பர் 10ஆம் நாள். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட இருந்த இண்டிகோ நிறுவனத்தின் சிறிய ரக விமானம் ஒன்றில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தனர். அவசர வழிக் கதவு திறந்துகொண்டது. விமானம் தரையில் நின்றதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அக்கதவு ஒருமுறை திறந்துவிட்டால், பொறியாளர்கள் வந்து முழுமையாகச் சோதித்து, சரியாகப் பொருந்தியுள்ளது என உறுதி செய்த பின்னரே விமானம் நகர இயலும். பயணிகள் அனைவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தனர். பேருந்தில் சென்றிருந்தால் அந்நேரத்தில் விழுப்புரத்தை நெருங்கியிருக்கலாம்!

ஒரு மாதத்துக்குப் பின், 2023 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. அக்கதவருகே இருந்தவர் பெங்களூர் தெற்குத் தொகுதி மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா. அவர் தவறுதலாகவே திறந்துவிட்டார் என்றும், அதற்கு மன்னிப்புக் கோரினார் என்றும் அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கமளித்தார். அவருடைய கட்சியை வைத்து இதை அரசியலாக்க நாம் விரும்பவில்லை. தவறுதலாக நிகழ்ந்ததைத் தவறுதல் என்றே ஏற்பதுதான் நீதி. ஆனால் நமக்கு ஒரு பாடம் இதில் உண்டு. அவசர வழி அருகில் அமர்பவருக்குப் பணிப்பெண் தனியே வந்து விளக்கம் தருகிறார். அந்த அரை நிமிடத்தில் நம்மில் எத்தனை பேர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கிறோம்? கால் நீட்ட வசதியாக இருக்கிறது என்று அந்த இருக்கையைக் கேட்டு வாங்குகிறோம். அது வசதிக்கான இருக்கையன்று, பொறுப்புக்கான இருக்கை.

ஏறாத பயணியின் பெட்டி

"பயணி வரவில்லையென்றால் அவரை விட்டுவிட்டுப் பறக்க வேண்டியதுதானே? எதற்காகக் காத்திருக்கிறார்கள்?" என்று பலரும் கேட்பதுண்டு. நியாயமான வினாவே. இதற்கான விடையின் ஒரு பகுதி நம் மீனம்பாக்கத்திலேயே இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது.

1984 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்காக ஒரு பயணி பெட்டிகளை ஒப்படைத்தார். ஆனால் விமானம் ஏறவில்லை. உரியவர் இல்லாத அப்பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படாமல் நிலையத்திலேயே நின்றன. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும், அவை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை. இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில் அவை வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேறு விமானத்துக்காகக் காத்திருந்த இலங்கைப் பயணிகளே அவர்களுள் மிகுதி. இலங்கையில் மூண்டிருந்த இனப்பூசலின் தீ, அதில் எவ்விதத் தொடர்பும் இல்லாத எளிய மக்களைச் சென்னையில் சுட்டது.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலருகே வானில் வெடித்துச் சிதறி, 329 உயிர்கள் அழிந்தன. வான்கூவர் நகரில் ஒருவர் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டுத் தாம் ஏறாமல் நின்றுவிட்டார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூரின் மேல் பான் அமெரிக்கன் விமானம் வெடித்ததில், தரையில் இருந்தோரையும் சேர்த்து 270 பேர் மாண்டனர். அங்கும் உடன் பயணி இல்லாத ஒரு பெட்டியே காரணம் எனத் தீர்ப்பாயிற்று.

இத்தகைய பேரழிவுகளுக்குப் பின்னரே, பெட்டி இருந்தால் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையேல் பெட்டி இறங்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் இறுகியது. ஆகவே, பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை விட்டுவிட்டுப் பறக்க வேண்டுமானால், முதலில் விமானத்தின் வயிற்றைத் திறந்து, நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கிடையே அவருடைய பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். அதற்குக் கால் மணியும் ஆகலாம். அரை மணியும் ஆகலாம். அதற்குள் அவ்விமானம் புறப்பட ஒதுக்கப்பட்ட நேரம் தவறிவிடும். சென்னையிலோ ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டே ஓடுபாதைகள். முறை தவறிய விமானம் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதே விமானம் அன்று இன்னும் நான்கைந்து ஊர்களுக்குச் சென்றாக வேண்டும். காலையில் சென்னையில் ஒருவர் செய்த தாமதம், இரவில் கவுகாத்தியில் ஒரு தாயையும் கைக்குழந்தையையும் காக்க வைக்கிறது. விமானிகளின் பணி நேரத்துக்கும் சட்டப்படி எல்லை உண்டு. அந்த எல்லை கடந்துவிட்டால் வேறு விமானிகள் வந்தாக வேண்டும்.

வீட்டு வாசலில் தொடங்கும் தாமதம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மயிலாப்பூரிலிருந்தும், தியாகராய நகரிலிருந்தும், அடையாற்றிலிருந்தும் மீனம்பாக்கம் தொலைவான ஊரன்று. ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகக் கடந்த சில ஆண்டுகளாக லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா எனத் திரும்பிய பக்கமெல்லாம் சாலைகள் தோண்டப்பட்டு, தடுப்புகள் வைக்கப்பட்டு, வழிகள் மாற்றப்பட்டதை நாம் அறிவோம். இதை அறிந்தும், "அரை மணியில் போய்விடலாம்" என்று பழைய கணக்கையே போட்டு வீட்டை விட்டு இறங்குகிறோம். பின்னர்க் கத்திப்பாராவில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து வியர்க்கிறோம்.

சாலையை மட்டும் நம்பியிருக்க வேண்டிய தேவை இன்று இல்லை. 2016 செப்டம்பர் முதல் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே செல்கிறது. அடையாற்றில் இருப்போர் சின்னமலையிலோ கிண்டியிலோ ஏறலாம். மயிலாப்பூராருக்குத் தேனாம்பேட்டை அண்மையது. தியாகராய நகரில் இருப்போர் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். செலவும் சில ரூபாய்தான். வயதானவர்களும் பெரிய பெட்டிகளும் இருந்தால் வாடகைக் கார் தேவைதான். அப்போது ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

நம்மவரிடையே வழியனுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் துபாய்க்குச் சென்றால் ஒன்பது பேர் உடன் வருவர். அது பாசம், அதைக் குறை கூறோம். ஆனால் வாயிலில் நின்று ஒவ்வொருவராக முஸாஃபஹா செய்து, துஆ ஓதி, அழுது, மறந்துபோன ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பெட்டியைத் திறந்து வைத்து, மீண்டும் ஒருமுறை அழுது முடிப்பதற்குள் கவுண்டர் மூடப்பட்டு விடுகிறது. உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னரே பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரும், சுமார் 25 நிமிடம் முன்னரே ஏறும் வாயிலும் மூடப்படுகின்றன. பன்னாட்டுப் பயணத்துக்கு இன்னும் முன்னதாகவே கவுண்டர் மூடப்படும். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது விமானம் நகரும் நேரம்; நாம் சென்று சேர வேண்டிய நேரமன்று. அழுகையும் துஆவும் வீட்டிலேயே முடியட்டும்.

உள்ளே சென்ற பின்னரும் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிப்பு ஒலிக்கும்; பெயர் சொல்லிக்கூட அழைப்பார்கள். 2023 மார்ச் முதல் சென்னை விமான நிலையம் மௌன நிலையமாகிவிட்டது. விமானம் ஏறுவதற்கான பொது அறிவிப்புகள் நின்றன. திரையைப் பார்த்து நாமேதான் அறிந்துகொள்ள வேண்டும். பழைய நினைப்பில், "கூப்பிடுவார்கள்" என்று தொழுகை அறையிலோ சிற்றுண்டிக் கடையிலோ அமர்ந்திருப்பவர்கள் இதனால் தவறவிடுகின்றனர். படிக்கத் தெரியாத பெரியவர்களைத் தனியே அனுப்பும் பிள்ளைகள் இதை மனத்திற் கொண்டு, உதவியாளர் வசதியை முன்பே பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

உம்ரா குழுக்களை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பேரின் பாஸ்போர்ட்டுகளையும் ஒருவரே கையில் வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் பெயர் கூவி வழங்கும் முறையை விட்டுவிடுங்கள். 2022இல் தமிழகத்து ஹாஜிகள் கொச்சி வரை சென்று புறப்பட நேர்ந்த சிரமத்தையும், பலரது கோரிக்கைக்குப் பின் 2023இல் சென்னை மீண்டும் ஹஜ் புறப்பாட்டுத் தலமானதையும் நாம் மறக்கவில்லை. போராடிப் பெற்ற ஒரு வசதியைப் பொறுப்போடு பயன்படுத்துவதும் நன்றியின் ஒரு பகுதிதான்.

திரும்பும்போது ஜம்ஜம் நீர். அதை விரும்பாத முஸ்லிம் வீடு எது? ஆனால் ஜித்தாவில் அதற்கென முறை வகுத்திருக்கிறார்கள். ஐந்து லிட்டர் கொண்ட முத்திரையிட்ட பெட்டியாகத் தனியே கொண்டுவரலாம்; துணிகளுக்கிடையே பெட்டிக்குள் ஒளித்து வைக்க அனுமதியில்லை. ஒளித்து வைத்தால் சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும். பெட்டியைத் தனியே எடுத்து வைத்து உரியவரைத் தேடுவார்கள். பறக்கத்தைத் தேடிச் சென்றவர், பிறருக்கு இடையூறாக அதைச் சுமந்து வருவது எவ்விதம்? இவ்வாறே, கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் ஒப்படைக்கும் பெட்டியில் இருக்கலாகாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். தீப்பற்றும் இயல்புடைய கொப்பரைத் தேங்காய் 2022 முதல் ஒப்படைக்கும் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள்.

தவறிய ஜனாஸா

எமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வடநாட்டு நகரம் ஒன்றில் பணியாற்றினார். அவருடைய அத்தா விடியற்காலையில் வஃபாத்தானார். செய்தி கேட்டதும் கிடைத்த முதல் விமானத்துக்கு மகன் டிக்கெட் எடுத்தார். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. மய்யித்தை நீண்ட நேரம் வைத்திருப்பது நம் வழக்கமன்று. ஆயினும் மகனுக்காக மஃரிபை ஒட்டி ஒத்திவைத்தனர். அங்கே விமானத்தில் எல்லோரும் அமர்ந்தாயிற்று, இருவரைக் காணவில்லை. கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். அவர்களுடைய பெட்டிகளைத் தேடி இறக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் சிரித்தபடி வந்து சேர்ந்தனர். மீண்டும் பெட்டிகள் ஏறின. புறப்பாட்டு வரிசையில் இடம் போயிற்று. மகன் மீனம்பாக்கத்தில் இறங்கி, வாகன நெருக்கடியைக் கடந்து கபரஸ்தான் வந்தபோது, ஈர மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தனர். மூன்று பிடி மண் போடும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை.

அந்த இருவருக்கும் இது தெரியாது. இனியும் தெரியப் போவதில்லை. இங்கேதான் நாம் அஞ்ச வேண்டிய ஒன்று இருக்கிறது. அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடமே அழுது கேட்கலாம். அடியார்களுக்குச் செய்த குறையை, ஹக்குல் இபாதை, அந்தந்த அடியாரிடமே பொருத்தம் கேட்க வேண்டும் என்று நம் மத்ரஸாச் சிறுவனும் படிக்கிறான். விமானத்தில் நம்மோடு இருந்த 180 பேரின் பெயரும் ஊரும் நமக்குத் தெரியுமா? எந்த வாசலில் போய் நின்று பொருத்தம் கேட்பது?

விளையாட்டுச் சொல், விபரீத ஐயம்

2022 ஆகஸ்டு 14. மங்களூரிலிருந்து மும்பை செல்லவிருந்த விமானத்தில் ஓர் இளைஞர் தம் தோழியோடு கைப்பேசியில் எழுத்தாடிக்கொண்டிருந்தார். அதே நிலையத்தில் அவர் வேறு விமானத்துக்குக் காத்திருந்தார். பாதுகாப்பைப் பற்றி இருவருக்கும் ஏதோ கேலி. அதை அருகில் இருந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டு அஞ்சிப் பணியாளரிடம் கூறினார். விமானம் திரும்பி வந்தது. 185 பயணிகளும் இறக்கப்பட்டனர். பெட்டிகள் யாவும் மறுபடி சோதிக்கப்பட்டன. விசாரணையில் அது நண்பர்களின் வெறும் வேடிக்கைப் பேச்சு எனத் தெரிந்தது. விமானம் புறப்பட ஆறு மணி நேரம் தாமதமாயிற்று!

சோதனையிடும் காவலரிடம், "பெட்டியில் வெடிகுண்டா இருக்கிறது?" என்று சலித்துக்கொள்பவர்களை நாமே கண்டிருக்கிறோம். அச்சொல்லைக் காவலர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள அவருக்கே உரிமையில்லை. மிரட்டலை மதிப்பிடும் குழு கூடியாக வேண்டும். விமானத்தை ஒதுக்குப்புறமாக நிறுத்த நேரிடலாம். 2024 அக்டோபரில் நம் நாட்டு விமானங்களுக்குச் சமூக ஊடகங்கள் வழியே நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் வந்து, பல விமானங்கள் திசை திருப்பப்பட்டன. அத்தொடரின் முதல் மிரட்டல்கள் குறித்துப் பிடிபட்டவன் சத்தீஸ்கரைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, "அமைதியாக இருக்கிறான்" என மகிழும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இவ்விடயத்தில் முஸ்லிம்களாகிய நமக்குக் கூடுதல் கசப்பு ஒன்றும் உண்டு. அதை மறைப்பானேன்? 2009 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டனில், ஏர்டிரான் விமானத்தில் ஏறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தார், விமானத்தில் எந்த இருக்கை அதிகப் பாதுகாப்பானது என்று தமக்குள் பேசிக்கொண்டனர். தாடியையும் முக்காட்டையும் கண்ட சக பயணிகளுக்கு அது போதுமானதாயிற்று. மூன்று சிறு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறக்கப்பட்டனர். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவர்களிடம் குற்றமில்லை என்று அறிவித்தனர். விமானம் தாமதமாகப் புறப்பட்டது. நிறுவனம் மறுநாள் மன்னிப்புக் கேட்டது. அங்கே தாமதத்துக்குக் காரணமானவர்கள் யார்? பேசியவர்களா, ஐயுற்றவர்களா?

ஐயம் எனும் நோய் ஆளைப் பார்த்து நிற்பதுமில்லை. 2016 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், இத்தாலியரான பொருளியல் பேராசிரியர் ஒருவர் விமானத்தில் அமர்ந்து தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புரியாத குறிகளைக் கண்டு பக்கத்து இருக்கைப் பெண்மணி நடுங்கிப் புகாரளித்தார். அவர் எழுதியது நுண்கணிதச் சமன்பாடுகள்! விமானம் இரண்டு மணி நேரம் போலத் தாமதம். அல்ஜீப்ரா என்னும் சொல்லை உலகுக்குத் தந்த அல்குவாரிஸ்மி இன்று விமானம் ஏறினால் அவர் கதி என்னவோ என்று சிரிக்கத் தோன்றுகிறது. சிரிப்பின் அடியில் வலியும் இருக்கிறது.

ஐயத்துக்கிடமான பொருளையோ செயலையோ கண்டால் கூறத்தான் வேண்டும். மீனம்பாக்கத்தின் பாடம் அதுவே. ஆனால் உரியவரற்ற பெட்டி வேறு, தாடி வேறு. பெட்டியைக் கண்டு எச்சரிப்பது கடமை. முகத்தைக் கண்டு ஐயுறுவது அநீதி. பிறர் நம்மைப் பார்த்து அப்படி ஐயுறும்போது வருந்தும் நாம், வேறொரு மாநிலத்தாரையோ வேறொரு நிறத்தாரையோ அவ்வாறு பார்க்காமல் இருக்கிறோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோபமும் உரிமையும்

2017 மார்ச் 23 அன்று, உஸ்மானாபாத் மக்களவை உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட், தமக்கு உயர் வகுப்பு இருக்கை கிடைக்கவில்லை என்பதற்காக டெல்லியில் தரையிறங்கிய பின்னும் விமானத்தைவிட்டு இறங்க மறுத்து, ஏர் இந்தியா ஊழியர் ஒருவரைச் செருப்பால் அடித்தார். அடுத்த பயணத்துக்கான விமானம் அவருக்காக நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பறக்கத் தடைப் பட்டியல் விதி வந்தது. வாய்ச்சொல்லால் இடையூறு செய்வோருக்கு மூன்று மாதம் வரை, கைவைப்போருக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் எனத் தடையை அது மூன்றாக வகுத்தது.

பதவியில் இருப்பவர்தாம் இவ்வாறு என எண்ண வேண்டா. 2024 ஜனவரி 14இல், பனிமூட்டத்தால் பல மணி நேரம் நின்றுபோன டெல்லி–கோவா விமானத்தில், மேலும் தாமதமாகும் என்று அறிவித்துக்கொண்டிருந்த விமானியைப் பயணி ஒருவர் பாய்ந்து அடித்தார். பனியை அந்த விமானியா கொண்டுவந்தார்? அவரும் காத்துக் களைத்தவர்தாம். அந்த அடியால் விமானம் ஒரு நொடியும் முன்னதாகக் கிளம்பவில்லை.

அதற்காக, நிறுவனம் எது செய்தாலும் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. 2025 டிசம்பரின் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கு உரிய ஏற்பாடு செய்யத் தவறியதால் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. மக்கள் நிலையங்களில் பட்ட பாடு கொஞ்சமன்று. தாமதம் குறிப்பிட்ட மணி நேரத்தைக் கடந்தால் சிற்றுண்டியும் உணவும், ஆறு மணி நேரத்தைக் கடக்குமானால் மாற்று விமானமோ கட்டணத்தைத் திரும்பப் பெறுவதோ பயணியின் உரிமை என விதி இருக்கிறது. அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், உறுதியாகக் கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தகாத சொல்லால் அழ வைப்பதால் உரிமை வந்துவிடாது. அவளும் யாரோ ஒருவரின் மகள். தாமதத்தை உண்டாக்கியவள் அவளல்லள்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

2017 ஜூன் மாதம் சீனாவின் ஷாங்காய் நகரில், எண்பது வயது மூதாட்டி ஒருவர் விமானப் படியில் ஏறும்போது, பயணம் நலமாக முடிய வேண்டும் என்ற நேர்த்தியாக ஒன்பது நாணயங்களை விமானத்தின் இயந்திரத்தை நோக்கி வீசினார். ஒன்று உள்ளே சென்றுவிட்டது. அதைத் தேடி எடுத்துச் சோதித்துப் புறப்பட ஐந்து மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த அம்மையாருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா? இல்லை. எல்லோருடைய நலத்துக்காகவே வீசினார்! நிய்யத் நன்றாயிருந்தது, அறிவு துணை வரவில்லை.

நாணயம் வீசும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் விமானம் ஓடுபாதைக்கு நகரும்போது தொழ எழுந்து நிற்பவர் உண்டு. பயணிக்கு மார்க்கம் கஸ்ர் எனும் சலுகையைத் தந்திருக்கிறது. ஏறும் முன்னரோ இறங்கிய பின்னரோ தொழ நேரம் இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பெண்மக்களுக்கு அடுத்த இருக்கையில் அந்நிய ஆடவர் அமர்வது சங்கடந்தான். அதற்கு எல்லோரும் ஏறிய பின் வழியை மறித்து இடம் மாற்றிக்கொண்டிருப்பது தீர்வன்று. சில நாட்களுக்கு முன்பே இருக்கைகளைச் சேர்த்துத் தேர்ந்துகொள்ளலாம். அல்லது குடும்பத்தோடு முன்னதாகச் சென்று கவுண்டரில் பணிவாகக் கேட்கலாம். பெரும்பாலும் ஒத்துழைக்கவே செய்கிறார்கள்.

வாசகர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் பயணம் புறப்படும்போது, டிக்கெட்டை எடுத்து வைத்து மூன்று நேரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டை விட்டு இறங்கும் நேரம், கவுண்டர் மூடும் நேரம், ஏறும் வாயில் மூடும் நேரம். எந்த டெர்மினல் என்பதையும் எழுதுங்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்களே இரண்டு வெவ்வேறு டெர்மினல்களிலிருந்து புறப்படுவதால் இடம் மாறிச் சென்று ஓடுபவர்கள் ஏராளம். அத்தாளைக் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்க்கட்டும். பிறர் நேரமும் அமானிதமே என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, அந்தத் தாளைப் பார்த்து அத்தாவும் அம்மாவும் குறித்த நேரத்தில் காலணி அணிவதைக் கண்டு அவர்கள் விரைவில் கற்றுக்கொள்வார்கள்.